குளியலறை இடித்த வாரம்

மே 15, வியாழன்
தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. கூட்டிய இடமெல்லாம் மறுபடி மணல். ஏழரைக்கே கொத்தனார் கருப்பையா வந்தார். ஓய்வு பெற்ற எட்டு மாதத்தில் தொடங்கிய முதல் உருப்படியான வேலை. வீட்டில் இருப்பதே ஒரு குளியலறை. பழைய கழிப்பறைப் பீங்கானைப் பெயர்த்தாயிற்று. புது வெஸ்டர்ன் டாய்லெட் ஹாலில், அட்டைப்பெட்டியோடு. வருகிறவர்களுக்கு வசதி என்று அவரிடம் சொன்னேன். முழங்காலைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டு நாளைக்குக் கொல்லையில் தகர மறைப்பு, ஒரு பக்கெட். எழுதவே கூசுகிறது.

கோவையிலிருந்து மகள் மாலதி போன். "சுவத்துல கைப்பிடி பதிக்கச் சொல்லுங்கம்மா. அப்பா அங்கதான வழுக்கி விழுந்தாங்க?" வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

மே 16, வெள்ளி
தரை டைல்ஸ். என் மர ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இறக்கம். கணக்கு டீச்சரின் வீட்டில்!

"அது வாட்டம், டீச்சரம்மா. தண்ணி ஓட வேணாமா? பரீட்சைப் பேப்பர திருத்துற மாதிரி திருத்துறீகளே."

வாட்டம் வேறு, கோணல் வேறு என்றேன். பெயர்க்கச் சொன்னேன். பெயர்த்தார். பாதி டைல்ஸ் உடைந்தது.

மாலை கை கழுவும்போது: "நாளைக்கு ஏர்வாடி தர்காவுக்குப் போறேன். சந்தனக்கூடு. மகளுக்கு ராத்திரி தூக்கமே இல்ல, நேந்துருக்கேன். வியாழக்கிழம வாரேன்."

முடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"முடிஞ்சுதான இருந்துச்சு. நீங்கதான உடைக்கச் சொன்னீக."

மே 18, ஞாயிறு
காற்று தகரத்தைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பதினொரு மணிக்கு ஆட்டோ. பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை. வரிசையில் பழைய மாணவி ஒருத்தி. "குட் மார்னிங் மிஸ், நீங்க முன்னால போங்க!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் போனேன்.

வேறு கொத்தனார்? மூன்று பேருக்குப் போன். மூவரும் ஏர்வாடி.

மே 19, திங்கள்
மதில் மேல் பக்கத்து வீட்டு முத்துலட்சுமியின் தலை. அவள் ஆடு என் செம்பருத்தியைத் தின்றதற்குப் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தேன். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

"தகரம் எங்க பக்கம் கெடக்கு டீச்சர். நல்லாப் பாத்துக்கங்க, ஆடு திங்கல."

வாங்கிக்கொண்டேன். அவள் என் கொல்லையைப் பார்த்தாள். பக்கெட். சிமெண்ட் மூட்டை. உடைந்த டைல்ஸ்.

"அப்ப எங்கன போறீக?"

தகரத்தைப் பக்கெட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்தேன்.

"எங்க வீட்டுக் கதவு தெறந்துதான் கெடக்கும். வாங்க."

போனேன். துண்டும் சோப்பும் என்னுடையது. அவளுடையதும் வெஸ்டர்ன். உட்கார்ந்தாயிற்று, எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு முறை முயன்றேன். சுவரில் ஓர் இரும்புக் கம்பி, துருப்பிடித்தது. அதைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

"மாமியாருக்குப் போட்டது," வெளியிலிருந்தே சொன்னாள். "அவுக போய்ட்டாக. கம்பி இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

உள்ளங்கையில் துரு. தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

மே 20, செவ்வாய்
நான்கு முறை அங்கே. போகும்போது ஆடு பார்க்கிறது. வரும்போதும்.

வாங்க வேண்டியது: டைல்ஸ் (அதே நிறம் இல்லையாம்), பிளீச்சிங் பவுடர், அவளுக்கு ஏதாவது. பினாயில்? தப்பாக எடுத்துக்கொள்வாள். பிஸ்கட்.

மாலதி போன். எல்லாம் நேர்த்தியாக நடக்கிறது என்றேன்.

மே 22, வியாழன்
காற்று சற்றுத் தணிவு. ஒன்பதரைக்குக் கருப்பையா. மகள் எப்படி என்று கேட்டேன். "தேவல. ராத்திரி தூங்குறா." ஒரு பொட்டலம் சந்தனம் தந்தார்.

"ஒங்களுக்கும் ஒரு பாத்தியா ஓதச் சொன்னேன். முழங்காலுக்கு."

யார் சொன்னது என்றேன்.

"யாரு சொல்லணும்? படியேறயில பாக்குறேன்ல."

தரை டைல்ஸை வாட்டத்தோடு ஒட்டத் தொடங்கினார். நிறம் கொஞ்சம் வேறு. ஸ்கேல் மேசையிலேயே இருந்தது.

மதியத்துக்கு மேல் சொன்னேன், ஒரு கைப்பிடி பதிக்க வேண்டும் என்று. பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். "உக்காருங்க. எந்திரிக்கிற மாதிரி கைய நீட்டுங்க."

நீட்டினேன். விரல் பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

கோடு நேராக இல்லை. பார்த்தேன். அங்கேயே பதிக்கச் சொன்னேன்.