கொளஞ்சியம்மாள் வெளியே வரவில்லை

மரக்காணம்
ஜனவரி 19

என் செல்ல மகள் லிடியாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்மேல் தங்குவதாக. நானும் அப்பாவும் சுகம். ராஞ்சியில் காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கம்பளிச் சட்டையை உள்ளேயே போட்டுக்கொள்ள விடுகிறார்களா? விடாவிட்டால் தலைவி சிஸ்டரிடம் கேள். கேட்பதில் தவறில்லை.

கன்னியர் மடத்தில் நவதுறவுப் பயிற்சி முடியும்வரை போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று நீ சொன்னபோது எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. இப்போது பழகிவிட்டது. மாதம் முழுக்க உன்னிடம் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டே இருக்கிறேன்.

இங்கே பொங்கல் கழிந்து நல்ல வெயில். நவம்பர் புயலில் மூழ்கிய உப்பளங்களில் இப்போதுதான் சேற்றை மிதித்துப் பாத்தி கட்டுகிறார்கள். இந்த வருஷம் உப்பு எடுக்கத் தாமதமாகும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு புது வேலை. ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக மாணவர் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகம் போடப்போகிறோம். இலக்கியம், வரலாறு, வாழ்ந்தவர்கள் என்று மூன்று பகுதி. தமிழாசிரியை என்பதால் பொறுப்பு என் தலையில். சங்கப் பாட்டில் உப்பு வண்டி ஓட்டிப்போகும் உமணர்களைப் பற்றி ஒரு பையன் எழுதியிருக்கிறான். அவர்களுக்கு ஒரு மினி லாரி இருந்திருந்தால் காதலிக்க நேரமே இருந்திருக்காது என்று முடித்திருக்கிறான். அடிக்கலாமா, சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

‘வாழ்ந்தவர்கள்’ பகுதிதான் தலைவலி. உனக்குத் தியாகி மண்ணாங்கட்டியை நினைவிருக்கும். உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஆறு மாதம் சிறை போனவர், நம் பள்ளி அரங்கத்துக்கு அவர் பெயர்தான். பதினோராம் வகுப்பில் பாதிப்பேர் அவரையே எழுதியிருந்தார்கள். எல்லாம் ஒரே கட்டுரை. ‘பாரதத் தாயின் தவப்புதல்வர்’ என்று ஆரம்பித்து ‘அவர் வழி நடப்போம்’ என்று முடிகிறது. நீ எட்டாவதில் எழுதியதும் இதேதான், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ரேகா என்றொரு பெண் மட்டும் வெறும் தாளைக் கொடுத்தாள். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை. அப்பா மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் வேலை, வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். எழுந்து நின்று, “மிஸ், அவரு ஜெயில்ல இருந்தாரு, சரி. அப்ப வூட்டுல இருந்தவங்க யாரு? அவங்க பேரு என்னா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. போய் விசாரித்து எழுது என்று அனுப்பியிருக்கிறேன்.

அப்பா வழக்கம்போல. மின்கம்பம் ஏறுவது குறைந்துவிட்டது, இளைஞர்களை ஏற்றிவிட்டுக் கீழே நின்று கத்துகிறார். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறேன். நாலு வரி எழுதுங்களேன் என்று இந்தத் தாளை நீட்டினேன். “அதான் நீ எழுதுறியே” என்று சொல்லிவிட்டு டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். 

அன்புடன்,
அம்மா மெர்லின்


மரக்காணம்
பிப்ரவரி 16

அன்பு லிடியா,

உன் கடிதம் வந்தது. மே மாதம் துறவறத்துக்கான முதல் வார்த்தைப்பாடு என்று தேதி குறித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் இங்கே நடக்கும் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்.

ரேகா எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். விசாரிக்கச் சொன்னால் அந்தப் பெண் உப்பளத்துக்கே போயிருக்கிறாள். அங்கே வேலை செய்கிற ஆராயி என்கிற அம்மாள்தான் சொன்னாராம். நம் உப்பளங்களில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ‘கொளஞ்சி வூட்டுக் கதவு மாதிரி’ என்று கேலி பேசுவார்கள் இல்லையா? இத்தனை வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன், யார் அந்தக் கொளஞ்சி என்று கேட்டதில்லை. அவர்தான் மண்ணாங்கட்டியின் மனைவி.

கட்டுரையில் வம்பு வந்த பத்தியை உனக்காக அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

‘ஆறு மாதம் கழித்து மண்ணாங்கட்டி விடுதலையானார். மேளம் வைத்து ஊருக்குள் அழைத்து வந்தார்கள். கழுத்து மறைய மாலை. ஆனால் அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மனைவி கொளஞ்சியம்மாள் வெளியே வரவில்லை. போகும்போது தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போன கணவர்மேல் அவருக்குக் கோபம். கைக்குழந்தையோடு ஆறு மாதம் தனியாகக் கிடந்த ஒரு பெண்ணின் கோபமும் நம் சுதந்திர வரலாற்றில் சேர்ந்ததுதான்.’

பதினாறு வயதுப் பிள்ளை இப்படி எழுதுமா என்று இருந்தது.

அச்சுக்குப் போகுமுன் தலைமையாசிரியை இதைக் கார்த்திகேசனிடம் காட்டிவிட்டார். அவர் மண்ணாங்கட்டியின் மகள்வழிப் பேரன், இப்போது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், புத்தகத்தை வெளியிடப் போவதும் அவர்தான். மறுநாள் காலை வண்டியின் இன்ஜினைக்கூட அணைக்காமல் ஆபீஸ் அறைக்கு வந்துவிட்டார். “எங்க தாத்தாவ அவரு வூட்டுலயே சேத்துக்கலன்னு எழுதி, அத நானே ரிலீஸ் பண்ணணுமா மிஸ்? நாளைக்கு ஊருல எவன் மதிப்பான்?” என்றார். மனிதர் கெட்டவரில்லை. தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான் அவர் தலை நிமிர்ந்து நடக்கிறார்.

அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நான் ரேகாவைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. “அத எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க மிஸ்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பிள்ளைகளைப் பார்த்து எழுதாதே, சொந்தமாக எழுது, விசாரித்து எழுது என்று வருஷம் பூராவும் சொன்னவள் நான். ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தால் கத்தரிக்கோலைத் தூக்குவதா? எடுக்க மாட்டேன் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் முழுப் பொறுப்பும் உங்களுடையது என்கிறார். என்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஆசிரியர் அறையில் இப்போதே பேச்சு.

நேற்று ரேகாவே ஒரு வழி சொன்னாள். “அவங்க வூட்டுக்கே போய் படிச்சிக் காட்டுறேன் மிஸ். தப்புன்னா அவங்களே எது தப்புன்னு சொல்லட்டும்.” பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட நியாயமான வழி எனக்கும் தோன்றவில்லை. வரும் சனிக்கிழமை போகிறோம்.

உன் தேதியை அப்பாவிடம் சொன்னேன். நாள்காட்டியில் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

அம்மா


மரக்காணம்
மார்ச் 23

என் உயிரான லிடியா,

தவக்காலம் நடக்கிறது. ஒருசந்தி நோன்பு என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு இரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதைத் தலைவி சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாய்தானே?

கார்த்திகேசன் வீட்டுக்குப் போனோம். என் ஸ்கூட்டரின் பின்னால் ரேகா கட்டுரையை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். அவர் மரியாதையாகத்தான் நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். கூடத்து மூலையில் அவருடைய தாயார் அஞ்சம்மாள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டி சிறையிலிருந்து வந்து எட்டு வருஷம் கழித்துப் பிறந்த மகள் அவர். எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

ரேகா நின்றுகொண்டே படித்தாள். அந்தப் பத்தி வந்ததும் கார்த்திகேசன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். படித்து முடித்ததும் மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம்.

“கோவமா? எங்கம்மாவுக்கா?” என்றார் அஞ்சம்மாள். பிறகு புளியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “எங்கப்பா ஜெயிலுக்குப் போனதும் வூட்டுல அடுப்பு எரியல. கைக்கொழந்த வேற. எங்கம்மா அளத்துக்குக் கூலிக்குப் போயிட்டாங்க. எந்த உப்புக்கு வரி கூடாதுன்னு எங்கப்பா அடி வாங்குனாரோ, அதே சர்க்கார் உப்பத்தான் ஆறு மாசமும் வாரிக் குமிச்சாங்க. காலெல்லாம் புண்ணு. அவர மால போட்டு மேளம் அடிச்சி இட்டாறாங்க. இந்தக் கால வச்சிக்கினு எப்படி வாசல்ல போயி நிக்கிறது, கேட்டா என்னா சொல்றதுன்னு கதவ சாத்திக்கினாங்க. எங்கிட்ட அவங்களே சொன்னது.”

ரேகாதான், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

“காலையில கதவத் தொறந்தா, அவரு வெளியிலயே உக்காந்திருக்காரு. மாலையெல்லாம் கழட்டி மண்ணுல வச்சிட்டாரு. எங்கம்மா காலப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் எவன் மால போட வந்தாலும் கழுத்துல வாங்க மாட்டாரு. கையிலதான் வாங்குவாரு.”

லிடியா, நம் அரங்கத்தில் இருக்கும் படத்தில் அவர் மாலையைக் கையில்தான் பிடித்திருக்கிறார். அதை அடக்கத்தின் அடையாளம் என்று நான் எத்தனை வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்!

கார்த்திகேசன் ஜன்னலிலிருந்து திரும்பினார். ஏம்மா, எங்கிட்ட இதச் சொன்னதே இல்லையே என்றார், சின்னப் பையன் குரலில். “நீ கேட்டியா? எந்த ஜெயிலு, எத்தினி மாசம்னுதான கேட்ட” என்றார் அந்த அம்மாள். புளியைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரேகா குப்பத்து முனையில் இறங்கியதும், “கோவம்னு நானா எழுதிட்டேன் மிஸ். அது எங்கம்மாவோட கோவம்” என்றாள். சொல்லிவிட்டு மணலில் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

இரண்டு நாளில் திருத்திக் கொடுத்தாள். ஊர் சொல்வதையும் எடுக்கவில்லை, மகள் சொன்னதையும் விடவில்லை. இரண்டையும் எழுதிவிட்டு, ‘சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. வரலாறு எழுதுகிறவர்களும் வெளியேதான் நிற்கிறோம்’ என்று முடித்திருந்தாள். நான் ஓர் எழுத்தையும் தொடவில்லை. கார்த்திகேசன் ஒன்றே ஒன்று கேட்டார். தலைப்பில் தாத்தா பெயரோடு ஆயா கொளஞ்சியம்மாள் பெயரும் வரவேண்டுமாம்.

போன வெள்ளிக்கிழமை விழா நடந்தது. அவர்தான் புத்தகத்தை வெளியிட்டார், முதல் பிரதியை ரேகாவின் அம்மா வாங்கிக்கொண்டார். அவள் அப்பா வரமுடியவில்லை, போனில் படம் பிடித்து அனுப்பினார்கள். என்னை மாற்றும் பேச்சும் அடங்கிவிட்டது. எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன்.

இனி நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன்.

விழா முடிந்து புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அப்பா எடுத்துப் புரட்டினார். மனுஷனுக்கு மின்வாரியச் சுற்றறிக்கை தவிர எதையும் படிக்கும் பழக்கம் கிடையாது, உனக்கே தெரியும். ரேகாவின் கட்டுரையில் நின்றுவிட்டார். முதலிலிருந்து திரும்பவும் படித்தார். பிறகு, “அந்தம்மா கோவமா இருக்காங்கன்னு அந்தாளு ராத்திரி பூரா நெனச்சிட்டிருந்திருப்பாரில்ல?” என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

நீ ராஞ்சிக்குக் கிளம்பிய அன்று அவர் சென்னைக்கு ரயிலேற்ற வரவில்லை. கூனிமேட்டில் லைன் அறுந்துவிட்டது, போயே ஆகவேண்டும் என்று விடியும்போதே போய்விட்டார். நீயும் வாசலைப் பார்த்துப் பார்த்துவிட்டுத்தான் கார் ஏறினாய். அதை நான் மறக்கவில்லை.

அப்பா புத்தகத்தை மூடினார். “அன்னிக்கு கூனிமேட்டுல லைன் ஒண்ணும் அறுந்து வுழல மெர்லின்” என்றார்.

எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். “நான் எதிருல நின்னு அழுதுட்டேன்னா புள்ள போவாது. அதுவா எடுத்த முடிவு, நான் கெடுத்த மாதிரி ஆயிடும்.” அவ்வளவுதான். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். ம் என்றார். எழுதச் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

மே மாதத்துக்கு அவர் இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். டிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெத்திலிக் கருவாடு எடுத்துப் போகலாமா, வடநாட்டு சிஸ்டர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அதற்கு நீதான் பதில் எழுத வேண்டும்.

திரும்பி வர எத்தனை இடம் போடுவது என்றும் கேட்டார். இரண்டு என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, மூணு போட்டு வச்சா என்னா, வேணாம்னா ஒண்ண கேன்சல் பண்ணிக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடுங்கள் என்றும் சொல்லவில்லை.

மகளே, நீ பலிபீடத்தின் முன் நின்று வார்த்தைப்பாடு கொடுக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் இருப்போம். அப்பா அழுவார். அதைப் பார்த்து நீ தடுமாற வேண்டாம், சந்தோஷப்படு. அதற்குமுன் என்றாவது உன் மனம் வேறு சொன்னால், அதையும் பயமில்லாமல் கேள். எது உன் வழியோ அதில் ஆண்டவர் உனக்கு முன்னே நடப்பாராக. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன். இன்று அப்பாவும் பக்கத்தில் நின்று வரைகிறார்.

உன் அம்மா மெர்லின்

லிடியா, மே மாசம் வர்றேன்மா. – அப்பா