அப்பா காதில் விழுந்த அலை

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் காது மட்டும் அந்தக் கணக்கில் வராது. நீ சுகமாக இல்லை என்று தெரியும், அதனால் சம்பிரதாயத்துக்கு விசாரிக்கவில்லை. வேலை போய்விட்டது என்று நீ போனில் சொன்னதற்கு அப்பா சிரித்துக்கொண்டே ரொம்ப நல்லதாப் போச்சு என்றாராம், இனி அவர் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று அண்ணனிடம் அழுதாயாம். அண்ணன் வந்து சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை கலங்கி நிற்கும்போது ஒரு மனிதர் இப்படியும் பேசுவாரா என்று அவரிடம் பேச்சையே நிறுத்திவிட்டேன். நான் பேசாமல் இருப்பது அவருக்குத் தெரிந்தால்தானே. இப்போதெல்லாம் வீடு நிம்மதியாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பு கிளம்பு என்று ஒற்றைக் காலில் நின்றார். நீ படிக்கிற காலத்தில் கூட்டாளிகளோடு போவாயே, ஊருக்கு வெளியே அந்தக் குடாக் கடற்கரை, அங்கே போக வேண்டுமாம். அலையே கிடையாதாம், பயமில்லாமல் காலை நனைக்கலாமாம். பஸ் மாறி இறங்கி, புதர் நடுவே நடந்து, என் முட்டி என்னை வைதது. ஒரு டீக்கடை உண்டா, உட்கார ஒரு பெஞ்சு உண்டா, அவசரத்துக்கு ஒதுங்க ஒரு மறைப்பு உண்டா. இரண்டு பக்கமும் பாறை, மரங்கள் தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கின்றன, ஈர மணலில் குட்டி நண்டுகள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் வந்து பாட்டை அலறவிட்டிருந்தது. உன் அப்பா அவர்கள் பக்கத்திலேயே துண்டை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆகா என்ன அமைதி என்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து என் செருப்பில் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. அலையே கிடையாதுன்னீங்களே, இது என்ன என்று பிடித்துக்கொண்டேன். அவர் சாவகாசமாக, நானா சொன்னேன், உன் பொண்ணுதான் அன்னைக்குப் போன்ல சொன்னா, அந்தக் கடற்கரை எப்படிம்மான்னு கேட்டேன், அலை இல்லப்பா, அலை இல்லப்பான்னு ரெண்டு தடவை சொன்னா, குரல் கம்மியிருந்துச்சு, சளி போல என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலை இல்லப்பா என்று நீ சொன்னது அந்த மனிதர் காதில் அலை இல்லப்பா என்று விழுந்திருக்கிறது. அச்சகத்து இயந்திரத்தின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்த காது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் கத்தியது மட்டும் எப்போதும் ஏறாத காது. கிட்டப் போய், அலை இல்லீங்க, வேலை என்றேன். எந்தச் சேலை என்றார். பிறகு நான் போட்ட கத்தலில் அந்தக் கூட்டமே பாட்டை நிறுத்திவிட்டது. உன் வேலை போன விஷயம் இப்போது அந்தக் கடற்கரைக்கே தெரியும், என்னைத் திட்டாதே. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. நான் அவகிட்ட என்ன சொன்னேன் என்று என்னையே கேட்டார். சொன்னேன். மறுநாள் நான் எழுவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு காது டாக்டரிடம் போக நிற்கிறார், வருஷக்கணக்காக நான் கெஞ்சியும் அசையாதவர். காதில் வைக்கிற கருவி அடுத்த வாரம் வருமாம். அதுவரை உன்னோடு பேச மாட்டாராம், மறுபடியும் எதையாவது தப்பாகக் கேட்டு உன்னை அழவைத்துவிடுவோமோ என்று பயம். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதில் என் கோபம் போய்விட்டது, முழுவதும் இல்லை, செருப்பு புதுசு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. படுக்கையிலேயே கிடந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே. எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருப்பாய், இது என் வாக்கு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கருவி வந்ததும் முதல் போன் உனக்குத்தான், எடுத்துப் பேசு. அதான் அம்மா சொல்லிட்டாங்கல்ல என்று சுருக்கிவிடாதே. வேலை இல்லப்பா என்று முதலிலிருந்து இன்னொரு தடவை அவரிடம் நீயே சொல். அதற்கு ஒரு அப்பா என்ன சொல்ல வேண்டுமோ, அதைச் சொல்லத்தான் அந்த மனிதர் காத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உனக்கும் அவருக்கும் நடுவே தொண்டை கட்டிப்போன
அம்மா