சிறகுக்குள் ஈயம்

ஜனவரி 11, ஞாயிறு

பருத்திக் காட்டு வரப்பில் ஒரு கண்மாய் வாத்து. இடது இறக்கையை இழுத்துக்கொண்டு கிடந்தது. கையை நீட்டினேன், ஓடவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பறவை ஓடும்? சுற்றிலும் பட்டாசுக் கம்பெனி, என் அண்ணன் மணிமுத்துவே பட்டாசு ஏஜெண்டு. ஆனாலும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட ஒரு பொட்டு வெடி போடாத ஊர்.

ஜனவரி 12

விருதுநகர் மாட்டாஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் நாலு வெள்ளைப் புள்ளி. ஈயக் குண்டாம். "தோட்டா சிதறும்மா. ஒண்ணு விழும், பக்கத்துல நிக்கிறது இப்படிச் சுமந்துக்கிட்டுத் திரியும். தோண்டி எடுத்தா செத்துரும். விட்டா பிழைக்கலாம், ஆனா உடம்பு தேறாது, தூரம் பறக்காது" என்றார் டாக்டர்.

எந்தப் பாவி செய்தது?

ஜனவரி 13

அண்ணனிடம் போய் அழுதேன். கண்மாய்க் கமிட்டித் தலைவர் அவர்தானே. "வெளியூர்க்காரப் பயலுகதான் தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

போன வாரம் டமார் டமாரென்று கேட்டதே என்றேன். "அது சாம்பிள் வெடி. ஆர்டர் குடுக்க வந்தவுகளுக்கு ஊருக்கு வெளிய பொட்டல்ல வெடிச்சுக் காட்டுனோம்ல."

ஆமாம், வருஷா வருஷம் கேட்கிற சத்தம்தான். மனசு ஆறிற்று.

ஜனவரி 19

இரை வைத்தால் தின்கிறது. நெஞ்செலும்பு மட்டும் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஜனவரி 24

இன்றும் சாம்பிள் வெடி.

ஜனவரி 25, ஞாயிறு

மதினி நாட்டுக்கோழிக் குழம்பு கொடுத்துவிட்டாள். இரண்டாவது வாயில் பல்லில் நறுக்கென்றது. துப்பினேன். சாம்பல் நிறத்தில் ஒரு குண்டு.

கோழியை யார் சுட்டுப் பிடிப்பார்கள்?

தட்டோடு போய் நின்றேன். அண்ணன் மறைக்கக்கூட இல்லை. "வந்தவுக ஆசப்பட்டாக. பெரிய ஆர்டர், முகத்த முறிக்க முடியுமா? சாம்பிள் வெடிக்கு நடுவுல சுட்டா யாருக்குத் தெரியப்போகுது? கிட்டப் போனாக்கூட பறக்க மாட்டேங்குதுக!" சிரிக்கிறார்.

அடப்பாவி அண்ணே! நம்மள நம்பித்தானய்யா நின்னுச்சு? அதையே சுட்டு, எனக்கும் ஊட்டிவிட்டியே — நீ நல்லா இருப்பியா?

ஜனவரி 26

கிராம சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். "குடும்பச் சண்டைய இங்கன கொண்டாராத" என்று உட்காரவைத்துவிட்டார்கள். பாதி ஊர் அண்ணனிடம்தான் வேலை பார்க்கிறது. அடுத்த மாதமும் ஆர்டர் கொடுக்க ஆட்கள் வருகிறார்களாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நேற்றுச் சாத்தூரில் சரவெடி வாங்கினேன். "உங்க ஊருக்கா?" என்று கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்று விடிந்ததும் கண்மாய்க் கரையில் நானே கொளுத்தினேன். பறவைகள் கூட்டம் கூட்டமாக எழும்பின. சுற்றிச் சுற்றி வந்து மறுபடி இறங்கப் பார்த்தன. இன்னொரு சரத்தையும் பற்றவைத்தேன். ஊரே கூடித் திட்டியது. திட்டட்டும்.

மத்தியானம் அண்ணன் போன். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? ஆளுக வந்தா நான் என்னத்தக் காட்டுவேன்?"

"வெறுங் கண்மாயக் காட்டுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் அழுகை வந்தது.