சரி என்று சொன்னவர்களும் பாவாத்தாளும்

பீளமேடு
9.8.1994

அன்புள்ள சுகுணாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல் இருக்க வேண்டும் என்றுதான் தினம் விளக்கேற்றும்போது அம்மா வேண்டிக்கொள்கிறாள். குழந்தைக்குப் பல் முளைக்கும் சமயம், காய்ச்சல் வந்தால் பயப்படாதே, உனக்கும் அப்படித்தான் வந்தது. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாடி ஏறாதே என்றால் கேட்பதில்லை, துணி காயப்போட அவளேதான் போகிறாள்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பெரிய குழப்பம், உன்னிடம் சொன்னாலாவது தெளியுமா என்று எழுதுகிறேன். வீதி மூலையில் மாவு அரைத்து விற்கிற பாவாத்தாளை உனக்கு நினைவிருக்கும். அவளுடைய கிரைண்டரிலிருந்து மோட்டாரை மூன்று பேர் சேர்ந்து கழற்றிக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், கூடப் போன கதிர் மட்டும் பிடிபட்டான். நம் பின் வீட்டு மாரியாத்தாளின் மகன், பதினான்கு வயது, அப்பா இல்லை, அவள் மில்லில் ஷிப்டு வேலைக்குப் போகிறவள். இப்போதைக்கு அவனை அவன் அம்மாவோடு அனுப்பியிருக்கிறார்கள். சீர்திருத்தப் பள்ளியில் போடுவதா, வீட்டிலேயே விடுவதா என்று வரும் வெள்ளிக்கிழமை சிறுவர் கோர்ட்டில் முடிவு செய்வார்கள்.

இதற்காக லட்சுமிநாராயணன் என்ற நன்னடத்தை அலுவலர் வந்தார். சின்ன வயது, நல்ல மனிதர், வெயிலில் நடந்தே வந்தார். உள்ளே போட்டால் பையன் இன்னும் கெட்டுத்தான் வெளியே வருவான், தெருக்காரர்கள் பொறுப்பெடுத்து ஒரு வருஷம் பார்த்துக்கொண்டால் மாஜிஸ்திரேட் வீட்டில் விட்டுவிடுவார், மற்ற எல்லோருக்கும் சம்மதம், ஐயா ஒருவர் கோர்ட்டுக்கு வந்து சொன்னால் போதும் என்றார். வீட்டுக்கு வந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது, ஆகட்டுங்க என்றுவிட்டேன். சேட்டை செய்கிற பையனைத்தான் நான் வகுப்புத் தலைவனாக்குவேன், உனக்குத் தெரியும். நிறையப் பேர் திருந்தினார்கள். ஒருவன் சாக்பீஸ் பெட்டியையே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். கதிர் இதில் எந்த வகை என்று முன்கூட்டியே யார் சொல்ல முடியும்?

பிறகு தையல்கடை சுந்தரராஜுலுவிடம் பேசினால் அவர், வாத்தியார் சரின்னா எனக்கும் சரிதானுங்கன்னு சொன்னேன், வேறென்னங்க சொல்றது என்றார். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். அதைத்தான் அந்த அலுவலர் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். என்னை நம்பி அவர்கள், அவர்களை நம்பி நான். மனதோடு சரி என்று சொன்னவர் யார் என்று தேடினால் ஒருவரும் கிடைக்கவில்லை. சுந்தரராஜுலு இப்போதெல்லாம் டீ குடிக்கப் போகும்போதுகூடக் கடையைப் பூட்டிக்கொண்டு போகிறார். உங்கம்மா வாசலில் கிடந்த பித்தளைக் குடத்தை உள்ளே வைத்துவிட்டாள். நானோ சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறேன் வா என்று அவனைக் கூப்பிட்டேன், ஒரு நாள் வந்தான், இரண்டு பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் அவன் வரவில்லை, நானும் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை.

அவனை வீட்டில் விடவே வேண்டாம் என்று பிறகு அலுவலரிடம் நேருக்கு நேர் சொன்னவள் பாவாத்தாள் ஒருத்திதான். ஆனால் தினமும் காலையில் மாரியாத்தாள் ஷிப்டுக்குப் போனதும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ஏண்டா மோட்டார்த் திருடா, இன்னும் என்னடா தூக்கம், பள்ளிக்கூடம் உங்கப்பனா போவான் என்று வைகிறவளும் அவள்தான். மோட்டார் போனதால் இப்போது கையால்தான் மாவாட்டுகிறாள். ஒரு நாள் பார்க்கிறேன், கதிர் உட்கார்ந்து ஆட்டுக்கல்லைச் சுற்றுகிறான், இவள் பக்கத்தில் நின்று அரிசியை அள்ளிப் போட்டுக்கொண்டே வைகிறாள். யார் சொல்லி வந்தான் என்று கேட்டால் அவன் கல்லை இன்னும் வேகமாகச் சுற்றுகிறான், அவள் இன்னொரு பிடி அரிசியை அள்ளிப் போடுகிறாள். அன்றைக்கென்று வந்த அலுவலர் பதறிப்போய், சின்னப் பையனை வேலை வாங்கக்கூடாதம்மா என்றார். அவள், மோட்டாரைக் கழட்டின கை கல்லைச் சுத்தினா மட்டும் தேஞ்சு போயிருங்களா என்று கேட்டாள். அவர் சொன்னதும் சரி, அவள் கேட்டதும் சரி.

நாங்கள் யாரும் மனதறிந்து சரி சொல்லவில்லை என்று கோர்ட்டில் உண்மையைச் சொன்னால் பையன் உள்ளே போய்விடுவான். சொல்லாவிட்டால் பேருக்கு ஒரு தெருவைக் காட்டி அவனை அம்போவென்று விட்டதாகிவிடும். நேற்று பாவாத்தாளிடமே போய், வெள்ளிக்கிழமை என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். ஏனுங்க வாத்தியாரே, நான் வந்தா இவனை உட்டா இன்னொரு மோட்டாரைக் கழட்டுவான்னுதான் சொல்லுவேன், பரவாயில்லைங்களா என்றாள். அப்படியானால் சீர்திருத்தப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமா என்றேன். கல்லைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, அனுப்பிப்போட்டு விடிஞ்சா நான் யாரைப் புடிச்சு வையறதுங்க என்றாள்.

அதனால் அவளைக் கூட்டிக்கொண்டு போவது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். நாங்கள் சரி சொன்ன விதத்தை நான் சொல்லிவிடுவேன், அவள் தன் பங்குக்கு வேண்டாம் என்பாள், இதைக் கேட்டு மாஜிஸ்திரேட் என்ன நினைப்பாரோ தெரியவில்லை. இது புத்தியுள்ளவன் செய்கிற காரியம்தானா என்று அம்மா கேட்கிறாள். இருந்தாலும் அவன் எழுந்தானா, பள்ளிக்கூடம் போனானா என்று கேட்டால் தெருவில் பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நீ இதைப் படிக்கும்போது வெள்ளிக்கிழமை தாண்டியிருக்கும், ஆனாலும் நீ என்ன செய்திருப்பாய் என்று எழுது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மூவரும் மனநிறைவோடு நீடூழி வாழ எங்கள் இருவருடைய ஆசியும் உண்டு. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அரங்கசாமி