வளையத்தில் பீம் நின்ற வாரம்

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. டவுன்ஷிப் பஸ் முழுக்க ஈரக் குடை நாற்றம். முரளிக்கு சிறுசேரியில் மீட்டிங், எனவே பாப்பாவைப் பள்ளியில் விட்டது நான். அந்த அவசரத்தில் என் சாப்பாட்டு டப்பா வீட்டிலேயே.

ஆய்வுக்கூடத்துத் துகள் முடுக்கி வளையத்தில் பழைய தொல்லைதான். கரண்ட் குறைவாக, துகள் கூட்டம் சின்னதாக இருந்தால் புரோட்டான் பீம் சமர்த்தாகச் சுற்றுகிறது. ஏற்றினால் ஓரத்துத் துகள்கள் பிய்த்துக்கொண்டு போய்க் குழாய்ச் சுவரில் மோதுகின்றன. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஸ்டெல்லா இண்டர்காமில் இழப்பு எண்களை வாசிக்க, பக்கத்து அறையில் நான் குறித்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். அவள் ஆபரேட்டர், நான் கணக்கு.

"இன்னாடி சுமி, கொஞ்சம் ஏத்தினா ஓடிப்போவுது? பாசமே இல்ல இதுக்கு."

மதியம் அவள் டப்பாவில் பாதி எனக்கு. காரப்பொடி மீன் குழம்பு. என் திருநெல்வேலி நாக்கையும் வளைத்துவிட்டது அந்தக் குழம்பு.

வெள்ளியோடு மிஷின் மூடல். பராமரிப்பு, மாதக்கணக்கில். அதற்குள் ஒரு தடவையாவது பீமை முழுக் கரண்ட்டில் சிதறாமல் நிற்க வைக்க வேண்டும். பீமைக் குவித்துப் பிடிக்கும் காந்தங்களின் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம் என்கிறாள் ஸ்டெல்லா. அவள் சொல்வது சரியாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வாங்க: பால், சார்ட் பேப்பர், கொசுவத்தி.

நவம்பர் 13, புதன்

ஸ்டெல்லாவுக்கு ஸ்ட்ரோக்.

முப்பத்தொன்பது வயது. பி.பி. கிடையாது, சர்க்கரை கிடையாது. மாடிப்படியில் என்னைவிட வேகமாக ஏறுவாள்.

போன் வந்தபோது பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அப்படியே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். வழியெல்லாம் வயலில் தண்ணீர். வார்டு வாசலில் அவள் அம்மா ரோசம்மா, தலை கூட வாரவில்லை. ஒரு காலத்தில் ஊரார் நிலத்தில் நடவு நட்டவர். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. வீட்டில் அவரும் ஸ்டெல்லாவும் மட்டும்.

"பல்லு வெளக்க எய்ந்தாம்மா. அப்டியே சாஞ்சுட்டா. இன்னாடி இன்னாடின்றேன், வாய் கோணிகினு போவுது."

டாக்டர் சின்னப் பெண். மூளையின் இடது பக்கம் அடைப்பு. உயிருக்கு ஆபத்து தாண்டியாச்சு. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு எந்த அளவுக்குத் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

உள்ளே போனேன். விழித்துத்தான் இருந்தாள். என்னைத் தெரிந்தது. கண்ணிலேயே தெரிந்தது.

"ஸ்டெல்லா, வலிக்குதாடி?"

"சரி."

"தண்ணி வேணுமா?"

"சரி." தலையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டினாள்.

அந்த ஒரு சொல்தான் மிச்சம். அது தவறாக வருகிறது என்று அவளுக்கே தெரிகிறது. திரும்பத் திரும்ப முயன்றாள். சரி, சரி, சரி. பிறகு அழுதாள், அதையே சொல்லிக்கொண்டு.

பால் வாங்கவில்லை. முரளி வாங்கி வைத்திருந்தான்.

நவம்பர் 14, வியாழன்

லீவு. ஆஸ்பத்திரி. மழை விட்டு விட்டு.

பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் போனில்: "டாக்டரு வந்துகினு போய்கினு கீறாரு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு."

ஸ்டெல்லா தூங்கினாள். வராந்தா பெஞ்சில் ரோசம்மா திடீரென்று கேட்டார்.

"அப்டி இன்னாதாம்மா பண்றீங்க உள்ள? இவ வூட்ல வந்து எதுவுமே சொன்னதில்ல."

சொன்னேன்.

"எல்லாம் ஒரே மாதிரி கரண்ட் உள்ள துகள்மா. ஒண்ணை ஒண்ணு தள்ளும். கூட்டம் சேரச் சேர அந்தத் தள்ளு ஜாஸ்தி. அதுங்க சுத்தும்போது இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே போகும். நெரிசல்ல அந்த ஆட்டம் மெதுவாகுது. ஒரு அளவுக்கு மெதுவானா, மூணு சுத்துக்கு ஒரு தடவை பழைய நிலைக்கே வந்து நிக்கும். காந்தத்துல சின்னச் சின்னக் கோளாறு இருக்கு. அது ஒவ்வொரு தடவையும் அதே பக்கமாத் தள்ளும். ரொம்பச் சின்னத் தள்ளுதான். ஆனா சேர்ந்துக்கிட்டே போகும். கடைசில சுவர்ல போய் மோதிடும். மோதாம பாத்துக்கணும். அதான் வேலை."

யோசித்தார். "இந்தத் தம்மாத்தூண்டுக்கா ரெண்டு பேரும் இம்மா நாளா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்தாள். சிரிப்பு அடங்கியதும் ரோசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

குழுத் தலைவர் போன். நாளை கடைசி நாள், வர முடியுமா என்றார். பார்க்கிறேன் என்றேன். வீட்டில் கணக்கைத் திறந்தேன். காந்தத்தை இறுக்கினால் ஆட்டம் வேகமாகிறது. நெரிசலில் மெதுவானாலும் அந்த மூன்றின் நிலைக்கு மேலேயே நிற்கிறது. ஸ்டெல்லா சொன்னது சரிதான். "சரி" என்று எழுதவே கை கூசுகிறது.

நவம்பர் 15, வெள்ளி

முதலில் ஆஸ்பத்திரி. போகலாமா என்று ரோசம்மாவிடம் கேட்டேன்.

"நீ போம்மா. இங்க குந்திகினு இன்னா பண்ணப் போற?"

ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். காந்தம், கரண்ட், எல்லாம். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். போ என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம்.

ஸ்டெல்லா நாற்காலியில் பிரவீன். நல்ல பையன். எண்களை ஒவ்வொன்றாக, மரியாதையாக வாசித்தான். முதல் இரண்டு தடவை பழைய இழப்பு. காந்தத்தை இன்னும் ஒரு பொட்டு இறுக்கச் சொன்னேன். கரண்ட்டை ஏற்றினோம். இழப்புக் கோடு அடியிலேயே படுத்துக் கிடந்தது. இன்னும் ஏற்றினோம். முழுசாக. நின்றது.

"மேடம், லாஸ் இல்ல மேடம்! லாஸே இல்ல!"

கைதட்டல். யாரோ சமோசா வாங்கிவரப் போனார்கள். குழுத் தலைவர் என் கையைக் குலுக்கினார். இது ஸ்டெல்லாவின் யோசனை என்றேன். "கண்டிப்பா, கண்டிப்பா, ரிப்போர்ட்ல அவங்க பேரையும் போடுவோம்."

பவர் சப்ளை ஹாலுக்குப் போனேன். அங்கே இரைச்சல் அதிகம், அழுதால் கேட்காது.

மாலை, பாப்பா: "அம்மா, ஸ்டெல்லா ஆன்ட்டி இப்ப எப்படிப் பேசுவாங்க?"

நவம்பர் 24, ஞாயிறு

ஸ்டெல்லா வீட்டுக்கு வந்துவிட்டாள். சர்ச்சுக்குப் பின்னால், கடல் இரைவது கேட்கும் வீடு. வலது கை துணி போலத் தொங்குகிறது. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை செங்கல்பட்டு.

அன்றைய கிராஃபைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். மடியில் விரித்தேன். இது கரண்ட், இது இழப்பு, நீ சொன்ன மாதிரியே நின்னுடுச்சு பாரு.

பார்த்தாள். வெகு நேரம். கோட்டின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், எண்களின் மேல் வைத்தாள். நெற்றி சுருங்கியது. எண்களும் போய்விட்டன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்த்து அவளும் புரிந்துகொண்டாள்.

"சரி," என்றாள். மெதுவாக. காகிதத்தைக் கசக்கவில்லை, தள்ளவில்லை. என்னிடமே நீட்டினாள்.

ரோசம்மா வாசல்வரை வந்தார். "இனிமே காயிதம் எடுத்தாராத கண்ணு. நீ மட்டும் வா."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் திருப்போரூரில் பிளாட் விலை பேசிக்கொண்டே வந்தார்கள். நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 8, ஞாயிறு

வெயில், பல நாளுக்குப் பிறகு. மாமல்லபுரம் போகிற கார்களால் ரோடு அடைப்பு. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். தலை காயாமல் விரித்துப் போட்டபடி.

ஸ்டெல்லா என் தலையைப் பார்த்தாள். தரையைத் தட்டினாள். உட்கார்ந்தேன். பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது கையால் முடியை மூன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். பிரித்தது நழுவியது. மறுபடி பிரித்தாள். மறுபடி நழுவியது. நான் திரும்பவில்லை.

ரோசம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல், மகள் பக்கத்தில் குந்தினார். ஒரு பிரி முடியை இவர் பிடிக்க, அவள் மற்றதை மேலே போட்டாள். இவர் இழுக்க, அவள் அடுத்ததைப் போட்டாள். ரொம்ப நேரம் ஆயிற்று.

பின்னல் கோணல். அவிழ்க்காமல் அப்படியே பஸ் ஏறினேன்.