என் கண் சொன்ன எடை

வாலரூ,
ஞாயிறு காலை.

அன்பு மகள் டாம்சினுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை எய்னோவும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, டாக்டர் நடக்கச் சொல்கிறார், இவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பதையே கணக்கில் சேர்த்துக்கொள்கிறாள். மழை ஜூனில் வந்தது, ஜூலையில் ஆளைக் காணோம், பார்லி எல்லாம் கணுக்காலுக்கு மேல் வளரவில்லை. பேத்தி மேஸியின் தோள் எலும்பு கூடிவிட்டது, ஆனால் கையை மேலே தூக்கினால் முகம் சுளிக்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்பது வயதில் அப்படிச் சொல்ல எங்கே கற்றாளோ. நம் நாய் இன்னும் உன் அண்ணன் கார் வரும் நேரத்துக்கு வாசலில் போய் உட்காருகிறது. நாங்கள் அதைக் கூப்பிடுவதில்லை, அதுவாகவே எழுந்து வரட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

நீ அனுப்பிய மின்னஞ்சலும் படமும் கிடைத்தன. நூலகத்தில் கொடுத்துப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாங்கிவந்தேன். எய்னோ பார்த்து வைத்திருக்கும் படகு, பக்கத்தில் உங்கள் கார். "ஊரே கேக்குற கண்ணு அப்பா, எங்களுக்கும் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க, இந்தப் படக எங்க கார் இழுக்குமா" என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேனோ என்னவோ. கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறாய். "அண்ணனுக்கு நடந்தது படகால இல்ல, ஓட்டினவளால. எங்க வீட்ல எய்னோதான் ஓட்டுவாரு, பயப்படாதீங்க." இதைப் படித்த பிறகு நாலு நாளாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன், இதில் எழுதினால் அழிக்க முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

உன் அண்ணன் பிரெண்டன் படகு வாங்கப் போவதாகச் சொன்னது போன அக்டோபரில். மூன்று படகு பார்த்தார்கள். முதலாவது கடினாவில், நாலு மீட்டர் அலுமினியப் படகு. இரண்டாவதும் அலுமினியம்தான், அரை மீட்டர் கூடுதல். மூன்றாவது மூன்டாவில் ஒரு கொட்டகைக்குள் ஆறு வருடமாகக் கிடந்த ஃபைபர் படகு, ஐந்தரை மீட்டர், முன்னால் சின்ன அறை, தலைக்கு மேல் கூரை, பார்க்கவே ஆசையாக இருக்கும். அவர்களிடம் இருந்தது அந்தக் குடும்பக் கார் ஒன்றுதான், ஆயிரத்து அறுநூறு கிலோ வரைக்கும்தான் இழுக்கலாம் என்று காரின் பின்னால் ட்ரெய்லர் மாட்டும் கொக்கியின் கீழே தகட்டில் அடித்திருந்தது. உன் அண்ணி டீகன் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொன்னாள். "காரை நாம மாத்தப் போறதில்ல. அப்போ காருக்கு ஏத்த படகத்தான் பாக்கணும். மொதல்ல படகப் பாத்துட்டு அப்புறம் காரைக் கெஞ்சக் கூடாது." இரண்டாவது படகே போதும் என்பதுதான் அவள் கட்சி. பிரெண்டனும் ஏறக்குறைய அதற்கு வந்துவிட்டான். நான்தான் கெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போது, "நீ பெர்ரி ஊர்ப் பக்கத்து ஆத்தங்கரைப் பொண்ணும்மா, இந்த வளைகுடா மத்தியானத்துக்கு மேல என்ன ஆட்டம் ஆடும்னு உனக்கு என்ன தெரியும். அந்த அலுமினியத் தொட்டில மேஸியக் குளிப்பாட்டலாம், கடலுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது" என்று கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். உன் பெரியப்பா சின்னப் படகில் போய்த் திரும்பி வராதது என் மனதில் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. கடலுக்குத்தான் பயந்தேன் டாம்சின். சாலையை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

விற்றவர் கொடுத்த தாளில் படகு எண்ணூற்று இருபது கிலோ என்று போட்டிருந்தது. அது வெறும் படகுக் கூட்டின் எடை. இன்ஜின் இல்லை, ட்ரெய்லர் இல்லை, பெட்ரோல் இல்லை. எனக்கு அது தெரியும், முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா. அந்த எண்ணை நம்பி ஏமாந்திருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். நான் நம்பியது அதை அல்ல. டிசம்பரில் அறுவடையின் கடைசி வாரம், ஓய்வு பெற்ற பிறகும் வழக்கம்போல என்னை மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிரெண்டன் படகை வாங்கிய கையோடு காரில் கட்டி இழுத்துக்கொண்டு நேரே கிடங்குக்கு வந்தான், எனக்குக் காட்டத்தான். டீகனும் மேஸியும் கூட இருந்தார்கள். பின்னால் ஏழு கோதுமை லாரி வரிசையில் நிற்கிறது, விவசாயிகள் எல்லோரும் இறங்கி வந்து படகைச் சுற்றி நிற்கிறார்கள். நம் ஊர் விளையாட்டு உனக்குத் தெரியும். லாரி மேடையில் ஏறுவதற்குள் டயரையும் ஸ்பிரிங்கையும் பார்த்து நான் எடை சொல்ல வேண்டும், நூறு கிலோவுக்கு மேல் தப்பினால் நான் பீர் வாங்கித் தர வேண்டும். எத்தனை வருடமாக நான் வாங்கித் தந்ததில்லை என்று பாரில் எனக்கொரு மரப்பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். அன்றும் கேட்டார்கள், "என்ன கிளெம், மவன் படகு எவ்ளோ சொல்லும்?" நான் ஒரு சுற்று நடந்தேன். "ஆயிரத்து நானூத்தம்பது. மீன் புடிச்சு ரொப்பினாலும் தாங்கும்" என்றேன். டீகன் மட்டும், "மேடை இங்கதான இருக்கு, ஒரு தடவ ஏத்திப் பாத்துடலாமே" என்றாள். பிரெண்டனும் என் முகத்தைப் பார்த்தான். நான் அத்தனை பேர் முன்னால், "என் கண்ணு இருக்கறப்ப மேடை எதுக்கு, வரிசைய நகத்துங்கடா" என்றேன். மறுபடியும் சிரிப்பு. காரின் முன்சக்கரத்துக்கும் மேடைக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. ஏற்றி இறக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை மேற்குக் காற்று. அப்படி அடித்தால் படகைக் காரில் கட்டிக்கொண்டு தீபகற்பத்தின் அந்தப் பக்க வளைகுடாவுக்குப் போவது நம் ஊர் வழக்கம்தானே, நீயும் அப்படிப் போய்த்தான் நண்டு பிடிக்கக் கற்றாய். பிரெண்டன் இரவு வேலை முடித்து நேராக வந்தவன். ஊர் எல்லை தாண்டியதும் டீகன், "கண்ணு சொக்குது உனக்கு, தள்ளு, நான் ஓட்டறேன்" என்று ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டாள். குல்பாரா இறக்கத்தில் ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். மரத்தில் மோதியது உன் அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம், பின்னால் இருந்த மேஸிக்குத் தோள் எலும்பு முறிந்தது. இது வரைக்கும்தான் உனக்குத் தெரியும், ஊருக்கும் இதுதான் தெரியும்.

இனி நான் சொல்வது போலீஸ் அறிக்கையில் இருப்பது. படகையும் ட்ரெய்லரையும் அப்படியே எடை போட்டிருக்கிறார்கள். இரண்டாயிரத்து நாற்பது கிலோ. முதலில் நானும் நம்பவில்லை. பிறகு படகின் தரையை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். தரைக்கு அடியில் மிதப்பதற்காக அடைத்த நுரைப்பஞ்சு, வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக் குடித்து, கொட்டகையில் கிடந்த ஆறு வருடத்திலும் காயாமல், பிழிந்தால் ஊற்றும் நிலையில் இருந்ததாம். அது மட்டுமே இருநூற்று முப்பது கிலோ, முக்கால்வாசியும் பின்பக்கத்தில். அதற்கு மேல் நிறைந்த பெட்ரோல் தொட்டி, ஐஸ் பெட்டி, நங்கூரச் சங்கிலி, நண்டு வலைகள். பின்னால் கனம் கூடி முன்னால் தூக்கிக்கொண்டதால் கொக்கியில் விழ வேண்டிய பாரம் விழவில்லை. அப்படி இருந்தால் இறக்கத்தில் யார் ஓட்டினாலும், பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஆட்டம் வந்தே தீரும் என்று விபத்தை ஆராய்ந்த இன்ஜினியர் எழுதியிருக்கிறார். எந்தக் கண்ணாலும் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்க முடியாது. மேடை பார்த்திருக்கும்.

அடக்கத்தன்று சர்ச் வாசலில் நீ டீகனிடம், "நீ ஓட்டாம இருந்திருந்தா எங்கண்ணன் இருந்திருப்பான்" என்று சொன்னபோது நான் உனக்கு மூன்றடி தள்ளித்தான் நின்றேன். என் வாயைத் திறக்கவில்லை. அறிக்கை ஏப்ரலில் வந்தது, அதற்குப் பிறகும் திறக்கவில்லை. ஏழு மாதம் ஆகிறது. அவள் இப்போது கார் ஓட்டுவதில்லை, பள்ளிக்கூடக் கேன்டீன் வேலைக்கு நடந்தே போகிறாள், எதிரே வருகிறவர்கள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். உன் அம்மாவும் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் மரண விசாரணைக்கான தாள்களை வக்கீல் அனுப்பினார், அதில் டீகன் போலீசிடம் கொடுத்த வாக்குமூலமும் இருந்தது. படகின் எடையை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். "நானும் அவரும் சேந்து முடிவு பண்ணதுதான். வேற யாரையும் கேக்கல" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள், இரண்டு தடவையும் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். மேஸியின் மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே, "அவ அப்பாவப் பறிகொடுத்துட்டா கிளெம். தாத்தாவும் அவளுக்கு இல்லாமப் போகணுமா" என்றாள். வெட்டிய ரொட்டியை டப்பாவில் வைத்துவிட்டு, "பிரேக்க நாந்தான மிதிச்சேன்" என்றாள். அந்த இன்ஜினியர் எழுதியதை அவளும் படித்திருக்கிறாள் டாம்சின். படித்தும் நம்பவில்லை, ஏனென்றால் நாம் யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள்தான் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அந்த வெட்கத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்தாள். தன் தலையணையை எடுத்துக்கொண்டு பிரெண்டனின் பழைய அறைக்குப் போய்விட்டாள். காலையில் எனக்குக் காப்பி வைத்திருந்தாள், மேஜையில் எதிரே உட்காரவில்லை. அது அவள் நியாயம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இதற்கு அவளைத் தொலைபேசியில் சமாதானம் செய்ய வராதே. வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. என்னைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை, நானாகவே பேசக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடைக்குப் பத்தடி முன்னால் நின்று நான் சொன்னதை அங்கே அதே வார்த்தைகளில் சொல்லப்போகிறேன், அன்றைக்கு வரிசையில் நின்ற ஏழு பேரும் ஊரில்தான் இருக்கிறார்கள், சந்தேகம் என்றால் அவர்களைக் கேட்கட்டும். பாரில் இருந்த பலகையைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்னை மன்னிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. சர்ச் வாசலில் நீ சொன்ன வார்த்தை எனக்கு வந்திருக்க வேண்டியது, தவறான ஆளுக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு டீகனுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு அப்புறம் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். அவளுக்கு இந்தக் கடிதம் கிடைத்த வாரமே எழுது.

எய்னோவிடம் சொல், பழைய ஃபைபர் படகு என்றால் தரையைத் தட்டிப் பார்க்கட்டும், அதையும் முழுதாக நம்ப வேண்டாம். கொக்கியில் ஒரு எண் இருக்கும், கார்ப் புத்தகத்தில் ஒரு எண் இருக்கும், அதில் எது சின்னதோ அதுதான் உங்கள் அளவு. பெட்ரோல் நிரப்பி, ஐஸ் போட்டு, நங்கூரம் வரை எல்லாம் ஏற்றிய பிறகு எடை போடுங்கள், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் விழுகிறதா என்று பாருங்கள். அளவு தாண்டினால் சின்னப் படகை வாங்குங்கள், ஏரி கொந்தளிக்கும் நாளில் வீட்டில் இருங்கள். எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும். நீங்கள் இருவரும் நீண்ட நாள் சேர்ந்து, குறையில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வாழ வேண்டும். அங்கே குளிர் வருவதற்குள் காரின் டயரை மாற்றிவிடு, போன வருடமும் தள்ளிப் போட்டாய்.

உன் படத்தை நாலு நாளாகப் பார்க்கிறேன். பழக்கம் போகவில்லை, பார்த்த உடனே மனதில் ஒரு எண் வந்து நின்றுவிட்டது. அதை எழுத மாட்டேன். நீ கேட்ட கேள்விக்கு என் பதில், எனக்குத் தெரியாதம்மா. மேடையில் ஏற்றிப் பார்.

உன் அப்பா,
கிளெம் ரோடா