இனிகோவின் மூன்றாவது ரைபிள்

ஜூன் 8, சனி

திங்கள்கிழமை பள்ளி திறக்கிறது. பிசிக்ஸ் லேபில் ஒட்டடை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோபாவில் இன்னொரு துப்பாக்கி நீட்டிப் படுத்திருக்கிறது. மூன்றாவது. எனக்கு உட்கார இடமில்லை.

மகள் ஜெமிமா வேலைக்கென்று பெங்களூருக்குப் போன பிறகு என் வீட்டுக்காரருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போன டிசம்பரில் பொன்னுதுரை அண்ணாச்சியின் ரைபிள் கிளப்பில் சேர்ந்தார். கிளப் என்றால் பழைய உப்புக் கிட்டங்கிதான், மூலையில் இன்னும் மூட்டைகள் அடுக்கியிருக்கும். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதில் கருப்பு வட்டம், நட்டநடுவில் பட்டால் பத்து, விலக விலகக் குறையும், கையில் காற்றழுத்த ரைபிள். முதல் மூன்று மாதம் ஒன்பதும் பத்துமாகக் குவித்தார். இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் ஓட்டிய கை, நடுங்குமா? ஏப்ரலிலிருந்து ஆறு, ஐந்து என்று இறங்கிவிட்டது. கிளப் ரைபிள் சரியில்லை என்றார். அண்ணாச்சி தன் சொந்த ரைபிளைக் கொடுத்தார். அதுவும் சரியில்லை. இது கடையிலிருந்து இரண்டு மாதம் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று வந்தது.

"ஏளா, செர்மன் பேரல். இது பொய் சொல்லாது."

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஜூன் 9, ஞாயிறு

நான் என் புராட்டஸ்டண்டு கோயிலுக்கு, அவர் கத்தோலிக்க மாதா கோயிலுக்கு. இருபத்தைந்து வருடமாக ஞாயிறு காலை மட்டும் நாங்கள் வேறு வேறு கட்சி. மதியச் சாப்பாடு தெரேஸ்புரத்தில், இவருடைய அக்கா பிளாரன்ஸ் மைனி வீட்டில்.

மைனி வீட்டுப் பின்னால் கருவாட்டு யார்டு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இந்த வாரக் கடைசியில் படகுகள் போகும், பிறகு பாய் பாயாக மீன் காயும். பெருச்சாளிகள் இப்போதே மண்ணைக் கிளறி வரவேற்புக் கமிட்டி அமைத்துவிட்டன.

"ஏலே இனிகோ, தாளைச் சுட்டு என்ன கண்ட? இங்கன வந்து நாலு பெருச்சாளியச் சுடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவ்வளவுதான். இப்போது ஒரே ரைபிள் இரண்டு வேலைக்கும் வேண்டும். அண்ணாச்சியிடம் போனில் கேட்டார். நானும் காதைக் கொடுத்தேன்.

"தாளுக்குச் சுடுத ரைபிள் கனமா இருக்கணும், அப்பதான் ஆடாது. யார்டுக்குன்னா தூக்கிட்டு நடக்கத் தோதா இருக்கணும். ரெண்டுக்கும் ஒண்ணுன்னா நடுவாந்தரமா எடுங்க. ஆனா ஒண்ணு, பட்ட இடத்துலயே திரும்பத் திரும்பப் படணும். பெருச்சாளிக்குத் தலையில பட்டா அந்தானிக்குச் செத்துரும். வயித்துல பட்டா கிடந்து துடிக்கும், அது பாவம்."

பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் எழுந்து நின்றுவிட்டார். இந்த மனிதர் வீட்டில் பல்லியைக்கூட அடிக்கமாட்டார்.

ஜூன் 12, புதன்

ஐந்து, நான்கு, ஏழு, நான்கு. ரசத்தை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 15, சனி

இப்போது குறையெல்லாம் பெல்லட்டின் மேல், ரைபிளில் போடும் ஈயக்குண்டு. ஒரு டப்பாவிலேயே எடை கூடக்குறைய இருக்கிறதாம். லேப் தராசில் நூறு பெல்லட்டை எடை போட்டுக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் "டீச்சர், யாரைச் சுடப் போறீங்க?" என்று கேட்டார்கள். கேள்வி கேட்டால் ஹோம்வொர்க் தருவேன் என்றேன்.

எடை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சொன்னபோது அவர் முகம் தொங்கிப்போனது. என்னமோ நான் அவருடைய கட்சிக்காரனைத் தூக்கில் போட்டதுபோல.

ஜூன் 22, சனி

கருவியைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் கையை எடு. இதை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், வீட்டுக்காரருக்குச் சொல்ல இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

இன்று கிளப்புக்கு நானும் போனேன். இவர் போன் பேச வெளியே போயிருந்தார். அண்ணாச்சியிடம் சொல்லி மேசையில் ஒரு உப்பு மூட்டையை வைத்து, நடுவில் குழி பண்ணி, ரைபிளை அதில் அழுத்தி உட்கார வைத்தோம். அது இந்தப் பக்கமும் அசையாது, அந்தப் பக்கமும் அசையாது. தொலைநோக்கியின் கோடுகள் கருப்பு வட்டத்தின் நடுவில். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுட்டேன். ஐந்து பெல்லட்.

அட்டையில் ஒரே ஒரு துளை. மிளகு அளவு. ஐந்தும் அதற்குள்ளேயே போயிருக்கின்றன.

இவர் திரும்பி வந்து அதே மூட்டை, அதே ரைபிளில், ஒவ்வொரு தடவையும் தானே குறி பார்த்துத் திருத்தி ஐந்து சுட்டார். ஐந்தும் ஐந்து திசையில். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அவ சுட்டது எப்படி அப்படி வந்துது?" இவர் என் அட்டையைக் காட்டி அண்ணாச்சியிடம் கேட்டார்.

"நான் போட்டது வேற டப்பா பெல்லட்டு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரே டப்பாதான். இருபத்தைந்து வருடத்தில் இந்த மனிதரிடம் நான் சொன்ன பொய்களை ஒரு கையில் எண்ணலாம். இன்று இன்னொன்று.

ஜூன் 23, ஞாயிறு

குற்றம் ரைபிளில் இல்லை, பெல்லட்டில் இல்லை, கையில் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது? சுடும்போது இடது கண்ணை மூடி வலது கண்ணால் மட்டும் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் இரண்டு கண்ணும் திறந்திருக்கும், ஒன்று மற்றதற்கும் சேர்த்து உழைக்கும். நமக்கே தெரியாது.

சமையலறைச் சுவரில் அவர்கள் கோயிலின் பங்குக் காலண்டர் தொங்குகிறது. ஜூலைத் தாளைப் புரட்டி, கதவோரம் அவரை நிற்க வைத்தேன். "இடது கண்ணைப் பொத்திக்கிட்டு வாசிங்க பாப்போம்."

சிரித்துக்கொண்டே வாசித்தார். மூன்று, புனித தோமையார். பதினாறு, கார்மேல் மாதா. இருபத்தைந்து, சந்தியாகப்பர். முப்பத்தொன்று, இஞ்ஞாசியார். பொடி எழுத்து, ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஸ்தோத்திரம், ஆண்டவரே. கண் நன்றாக இருக்கிறது. நான்தான் வீணாகப் பயந்தேன். மதியம் அவருக்குப் பிடித்த சீலா மீன் குழம்பு வைத்தேன்.

ஜூன் 29, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மாலை ஐந்தரை. மைனி யார்டு. சுவரோரம் ஒரு பெருச்சாளி, பூனைக்குட்டி அளவு. இவர் பலகையில் ரைபிளை ஊன்றி இடது கண்ணை மூடினார். பதினைந்து மீட்டர்கூட இராது. சத்தம் கேட்டது. பெருச்சாளி பாட்டுக்கு நடந்து போனது. வலது பக்கம் தண்ணீர் டிரம்மில் துளை, அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. டிரம்முக்கு ஒரு முழம் தள்ளி, யார்டில் வேலை பார்க்கும் சந்தனமாரி குனிந்து நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருந்தது எனக்குத் தெரிந்தது. இவருக்குத் தெரியவே இல்லை.

ரைபிளைக் கீழே வைத்துவிட்டார். சந்தனமாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "தாயி, தாயி" என்றார். அவள் "ஒண்ணுமில்லண்ணே, டிரம்முதான" என்று இவரைத் தேற்றினாள்.

உள்ளே வந்து மைனியிடம் காலண்டர் கதையைச் சொன்னேன், கண் சரியாகத்தானே இருக்கிறது என்று. மைனி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏளா ஈவா, அவன் பதினாறு வயசு வரைக்கும் பீடத்துல பூசைக்கு நின்னவன். வருசத்துத் திருநாள் அம்புட்டையும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான். அவன்ட்ட போயி காலண்டரக் காட்டுனியாக்கும்!"

புனிதர் பெயரே இல்லாத எங்கள் கோயில் காலண்டரை மாட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா? நாசரேத்து ஊர்க்காரி நான் ஏமாந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

இருவருமே கோயிலுக்குப் போகவில்லை. பெல்லட் டப்பாவை எடுத்து நீட்டினேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இதை வாசியுங்கள்.

வாசிக்கவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"நடுவுல மட்டும் ஒரு கலங்கல். சுத்தி எல்லாம் தெரியும். நடுவுல இருக்கது மட்டும் காணாது."

எப்போதிருந்து? ஈஸ்டருக்கு முன்னாலிருந்து. தூசி என்று நினைத்தாராம். பிறகு ரைபிள் என்று நினைத்தாராம். காலண்டரை ஏன் அப்படி ஒப்பித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ பயந்துபோய் நின்ன. எனக்கு வாயில வந்துட்டு, சொல்லிட்டேன்."

கிரேனை நினைத்தேன். முப்பது டன் பெட்டி. கீழே ஆட்கள். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பெட்டிக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரியாது. இதையெல்லாம் சொன்னேன், ஆபீசில் சொல்லிவிடுங்கள் என்றேன். அப்போதுதான் கத்தினார்.

"செப்டம்பர்ல மெடிக்கல் செக்கப்பு வருதுலா, அப்பம் பாத்துக்கிடலாம். இன்னும் நாலு வருச சர்வீசு. என்னையக் கீழ இறக்கி வெளக்குமாறு குடுப்பானுவ, சம்மதமா உனக்கு? உப்பு மூட்டையில வச்சுச் சுட்டியே, அப்பமே உனக்குத் தெரியும்லா? வேற டப்பான்னு என்னத்துக்குச் சொன்ன?"

என்னத்துக்குச் சொன்னேன். அவர்ட்டச் சொல்ல வராதத இங்கன எழுதுதேன். உங்க மொகம் தொங்குறத என்னால பாக்க முடியல, அதான் சொன்னேன். தெரு கோணல்னு நானே கேலி பண்ணுனேனே, அந்த வாயில மண்ணள்ளிப் போட. கண்ணு தெரியாத மனுசன்ட்டயா அத சொன்னேன்?

ஜூலை 1, திங்கள்

காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. வகுப்பில் ஒளி விலகல் நடத்தினேன். கரும்பலகையில் எழுதியது எனக்கே புரியவில்லை.

நான் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா? சொன்னால் அவர் என்னை மன்னிப்பாரா? சொல்லாமல் விட்டு யாருக்காவது ஏதாவது ஆனால்?

ஜூலை 2, செவ்வாய்

சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். நாளை மாலைக்குள் அவர் சொல்லவில்லையென்றால் நான் சொல்வேன். இங்கே எழுதிவைக்கிறேன், பின்வாங்கக் கூடாது.

ஜூலை 3, புதன்

பதினொரு மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நின்றார், ஷிப்டு பாதியில். ஹெல்மெட் கையில். வேப்பமரத்தடியில் நின்று சொன்னார்:

"மேல கேபின்ல இருந்தேன். பெட்டியத் தூக்கியாச்சு, இன்னும் நகத்தல. கீழ நம்ம கிங்ஸ்டன் நிக்கான், பெட்டிக்குப் பூட்டு மாட்டுத பய. சும்மா இடது கண்ண மூடிப் பாத்தேன் ஈவா. கப்பல் தெரியுது. கடல் தெரியுது. அவன் நின்ன எடத்துல ஒண்ணுமில்ல."

பெட்டியைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஏணி வழியாக இறங்கியிருக்கிறார். லிப்டில் ஏறவில்லை, ஒவ்வொரு படியாக இறங்கினாராம். நேரே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

நான் ஆசிரியை, அது பள்ளி வாசல், பிள்ளைகள் ஜன்னலில் நிற்கிறார்கள். இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 13, சனி

திருநெல்வேலியில் கண் டாக்டர், ஜெமிமா வயதுப் பெண். சர்க்கரை நோயினால் வலது கண்ணில் விழித்திரை நடுவில் நீர் கோத்திருக்கிறதாம். மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. கொஞ்சம் தெளியும், முழுதாகத் தெளியாது. முன்பே வந்திருக்கலாம் என்றாள். அதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

கிரேன் முடிந்தது. கண்ட்ரோல் ரூமில் வேலை, வாக்கிடாக்கியில் எந்தப் பெட்டி எங்கே என்று சொல்வது. விளக்குமாறு யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் பஸ்ஸில் வரும்போது உப்பளப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். துறைமுகம் தெரிகிற திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வலித்தது, எனக்கும் வலித்தது.

ஆகஸ்ட் 3, சனி

அந்த ரைபிளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். அதன் கட்டை வலது கன்னத்துக்கென்றே செதுக்கியது. வழியில் கிளப்பில் அண்ணாச்சி, "இடது தோள்ல வச்சுச் சுடுங்க சார். இடது கண்ணு முத்து மாதிரி இருக்குல்லா? ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல கட்டை உள்ள மாடல் இருக்கு" என்றார்.

இவர் ரைபிளை உறைக்குள் போட்டு மூடினார். ஆனால் அந்த மாடல் என்ன எடை என்று கேட்டார்.

ஆகஸ்ட் 31, சனி

மைனி யார்டு. பெருச்சாளி. நான். அண்ணாச்சியின் ரைபிளில் ஒரே பெல்லட், தலையில். ரைபிளை இவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கை கழுவினேன்.

செப்டம்பர் 14, சனி

புது ரைபிள் வந்து இரண்டாவது வாரம். இடது தோளில் வைப்பது அவருக்கு இன்னும் வசப்படவில்லை. இடது கையால் சோறு சாப்பிடச் சொன்ன மாதிரி இருக்கிறது என்கிறார். கிளப் போட்டிகளில் ரைபிளின் மேல் தொலைநோக்கி கூடாது என்பதால் சின்னத் துளை வழியாகப் பார்த்துச் சுடுகிறார். அதில் கருப்பு வட்டம் தெரியும், பெல்லட் பட்ட துளை தெரியாது. பக்கத்தில் ஒருவர் தனியாகத் தொலைநோக்கி வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு.

முதல் பெல்லட்.

"எங்கன பட்டுது?"

மூன்று. வட்டத்தின் ஓரம்கூட இல்லை, வெள்ளையில். அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு என்று சொல்லியிருக்கலாம். ஏழு என்றே சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெரியாது, முகம் கொஞ்சம் மலர்ந்திருக்கும்.

"மூணு. வலது பக்கம், மேல" என்றேன்.

ரைபிளை மேசையில் இறக்கினார். பிறகு குறியைத் திருத்தும் திருகைத் தடவிக் கண்டுபிடித்து, "எத்தன திருப்பு திருப்பணும், நீயே சொல்லு" என்றார்.